விண்வெளிக்குப் போய்வந்த விதைகள்

கொஞ்ச நாளைக்கு முன்னர் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. கண்ணாடிக் கூடாரம் ஒன்றுக்குள் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பூசணிக்காய், பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு மிளகாய். "விண்வெளிக்கு அனுப்பி எடுத்த விதை, இனிப் பஞ்சமே இல்லை" எண்டு கீழே எழுத்து ஓடியது. எங்களில் பாதிப்பேர் கைதட்டினோம். மற்றப் பாதிப்பேர் "சும்மா புளுகு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். தேடி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு பக்கமுமே பிழை என்று விளங்கியது.

விதைகள் உண்மையிலேயே விண்வெளிக்குப் போயிருக்கின்றன. ஏதோ நேற்று முந்தநாள் தொடங்கிய விஷயமும் இல்லை, 1946இல் இருந்து போய்க்கொண்டிருக்கின்றன. அப்படிப் போய்வந்த விதையின் வழியில் வந்த ஒரு கோதுமை இன்று சீனாவில் இலட்சக்கணக்கான ஹெக்டேயரில் விளைகிறது. ஆனால் ரொக்கெட்டில் ஏற்றி இறக்கியதற்கும் வயலில் கதிர் வந்ததற்கும் இடையில் பல வருட வேலை கிடக்கிறது. காணொளியில் இல்லாதது அந்த வேலைதான்.

ஏ.எல். உயிரியலில் "விகாரம்" என்ற பாடத்தைப் பலரும் மனனம் செய்துவிட்டு மறந்திருப்போம். கலம் பிரியும்போது டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படுகிறது, இடைக்கிடை எழுத்துப்பிழை விழுகிறது. அநேகமான பிழைகள் கெடுதல், அல்லது ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒரு பிழை எங்களுக்கு உதவுகிறது. காட்டுக் கோதுமை பழுத்ததும் மணியை உதிர்த்துவிடும். ஏதோ ஒரு செடியில் மணி உதிராமல் கதிரிலேயே நின்றது. அதைப் பார்த்து, அதிலிருந்து விதை எடுத்து, அடுத்த போகத்துக்கு வைத்த மனிதர்களால்தான் எங்களுக்குப் பாண் கிடைக்கிறது. அந்தப் பிழை தானாக வரும்வரை காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

1927இல் ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்கர், பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி, பிழைகளை வேண்டுமென்றே, வேகமாக உண்டாக்கலாம் என்று காட்டினார். 1946இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். அதே காலத்தில் லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியிலும் சோளத்திலும் அதையே செய்துகொண்டிருந்தார். சுவாரசியம் என்னவென்றால், புதுப் பயிரினங்களை உருவாக்க இது பெரிதாக உதவும் என்று ஸ்டாட்லருக்கே நம்பிக்கை இருக்கவில்லை. கதிர்வீச்சு அதிகமாகச் செய்வது உடைப்பது என்பதை அவர் கண்டிருந்தார். அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

முதல் விதைகள் விண்ணுக்குப் போன வாகனம் ஒரு கொலைக்கருவி. லண்டன் மேல் விழுவதற்காக ஹிட்லரின் ஜேர்மனி கட்டிய வி-2 ரொக்கெட்டுகளை, போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் நியூ மெக்சிக்கோவின் வைற் சாண்ட்ஸ் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றைக் கட்டுவதற்கு அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட சிறைக்கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்திருந்தார்கள். 1946 ஜூலையில் அந்த ரொக்கெட் ஒன்றின் மூக்கில் விதைகள் ஏறின. முதல் தடவை போனவை கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் போன சோள விதைகள் திரும்பக் கிடைத்தன. மேலே வளிமண்டலம் இல்லாத இடத்தில் அண்டக்கதிர்கள் உயிர்ப்பொருளை என்ன செய்யும் என்பதுதான் அன்றைய கேள்வி. மனிதரை அனுப்ப முன்னர் விதையை அனுப்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புதுச் சோளம் எடுக்கும் நினைப்பு யாருக்கும் இருக்கவில்லை.

அந்த நினைப்பு தரையில்தான் வளர்ந்தது. ஹிரோசிமாவுக்குப் பிறகு அணுவுக்கு ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டிய தேவை அமெரிக்காவுக்கு இருந்தது. 1953 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் ஜனாதிபதி ஐசனோவர் "சமாதானத்துக்கான அணு" என்று பேசினார். 1957இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் பிறந்தது. பல நாடுகளில் "காமாத் தோட்டங்கள்" முளைத்தன. ஜப்பானில் இருந்த ஒன்றின் ஆரை 100 மீற்றர். வட்டமான வயல், நடுவில் ஒரு கம்பத்தில் கோபால்ட்-60. ஆட்கள் உள்ளே போகும்போது அதை நிலத்துக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். கம்பத்துக்குக் கிட்ட நின்ற செடிகள் கருகிச் செத்தன. கொஞ்சம் தள்ளி நின்றவை கோணல்மாணலாய் வளர்ந்தன. இன்னும் தள்ளி, பார்க்கச் சாதாரணமாக நின்ற செடிகளின் விதைக்குள்தான் தேடவேண்டியது இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கச்சான் கதை. இங்கிலாந்தில் மியூரியல் ஹவர்த் என்ற அம்மையார், கதிர்பட்ட கச்சானை அமெரிக்காவிலிருந்து எடுப்பித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குப் பரிமாறினார். ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மிச்சத்தில் ஒன்றை நட்டுப் பார்த்தார், விறுவிறென்று வளர்ந்தது. பத்திரிகைகள் ஓடிவந்தன. 1959இல் அணுத் தோட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்து, ஊரூராய் ஆட்களுக்குக் கதிர்பட்ட விதைகளை அனுப்பினார். கொஞ்சக் காலத்தில் சங்கம் ஓய்ந்துபோனது. அம்மையாரின் ஆர்வத்தில் குறையொன்றும் இல்லை. இது ஒரு லொத்தர். ஒரு சீட்டு வாங்கினால் விழாது. ஆயிரக்கணக்கில் நடவேண்டும், நல்லதைக் கண்டால் அடையாளம் காணத் தெரிந்திருக்கவேண்டும், எழுதி வைக்கவேண்டும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் இது மூன்றும் நடக்காது.

நடந்த இடங்களில் பலன் வந்தது. செக்கோசிலோவாக்கியாவின் டயமன்ட் பார்லி, பிரித்தானியாவின் கோல்டன் புரொமிஸ் பார்லி இரண்டும் கதிரால் குட்டையானவை. குட்டை என்றால் காற்றுக்கும் மழைக்கும் சாயாது. இந்தியாவில், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் குழு டெல்லியில் இன்னொரு கதையை எழுதியது. மெக்சிக்கோவிலிருந்து வந்த சொனோரா 64 கோதுமை நல்ல விளைச்சல் தந்தது. ஆனால் மணி சிவப்பு. ரொட்டிக்குப் பொன்னிற மணி கேட்ட சனம் அதை விரும்பவில்லை. அதற்குக் காமாக் கதிர் பாய்ச்சிப் பொன்னிற மணியுள்ள சர்பதி சொனோராவை 1967இல் கொண்டுவந்தார்கள். அதில் புரதமும் லைசினும் கூட என்று சொல்லப்பட்டது பிற்பாடு பெரும் சர்ச்சையானது, அந்த லைசின் கணக்கு மற்ற ஆய்வுகூடங்களில் நிற்கவில்லை. நிறம் மாறியது உண்மை, சத்துக் கூடியது நிற்கவில்லை. எங்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. ஏனென்றால் இந்தத் துறையின் வரலாறு முழுக்க, வேலை ஒரு பக்கமும் விளம்பரம் ஒரு பக்கமுமாகத்தான் ஓடுகிறது.

இலங்கையிலும் இது நடந்தது. 1950களின் கடைசியில் பத்தலகொடையில் உருவாக்கிய எச்-4 நெல் நாடெங்கும் பரவியது. அதன் ஒரு பெற்றோர் முருங்கைக்காயன் என்ற எங்கள் நாட்டுப் பழைய இனம், மற்றது இந்தோனேசியாவின் மாஸ். அந்த எச்-4 விதைக்குக் காமாக் கதிர் கொடுத்து மகா இலுப்பள்ளமவில் எம்.ஐ. 273 என்றொரு நெல்லை எடுத்தார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் இதை ஒருவரும் எங்களுக்குக் காட்டவில்லை.

சரி, விண்வெளிக்குத் திரும்புவோம். 1971இல் அப்பலோ 14இல் போன ஸ்டூவர்ட் ரூசா ஒரு காலத்தில் காட்டுத்தீயை அணைக்கும் வேலை செய்தவர். தன்னுடைய சின்னப் பொதிக்குள் சுமார் 500 மரவிதைகளை வைத்துக்கொண்டு நிலவைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து சுத்திகரிக்கும்போது பை வெடித்து விதையெல்லாம் கலந்துபோனது. எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தார்கள், ஆனால் பெரும்பாலானவை முளைத்தன. அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவை ஒட்டி நாடெங்கும் நட்டார்கள். பக்கத்தில் நட்ட சாதாரண மரத்துக்கும் நிலவு மரத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைவிடக் கவலை, எது எங்கே நிற்கிறது என்று ஒழுங்கான பதிவே வைக்கவில்லை. 1996இல் இந்தியானா மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மரத்தடியில் "நிலவு மரம்" என்ற பலகையைக் கண்டு, இது என்ன என்று நாசாவுக்கு எழுதிக் கேட்டார்கள். பிறகுதான் நாசாவில் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து பட்டியல் போடத் தொடங்கினார். நிலவு வரைக்கும் விதையைக் கொண்டுபோக முடிந்தவர்களுக்கு ஒரு கொப்பி வைத்திருக்க முடியவில்லை!

அடுத்தது தக்காளி. 1984 ஏப்ரலில் சலஞ்சர் விண்ணோடம், ஒரு பேருந்தின் அளவு செய்மதி ஒன்றைச் சுற்றுப்பாதையில் விட்டது. அதற்குள் 12 மில்லியனுக்கும் மேற்பட்ட தக்காளி விதைகள். ஒரு வருடமளவில் எடுப்பதாகத்தான் திட்டம். 1986 ஜனவரியில் அதே சலஞ்சர் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. விண்ணோடங்கள் நின்றுபோயின. தக்காளி விதைகள் யாரும் எடுக்காமல் கிட்டத்தட்ட ஆறு வருடம் சுற்றிக்கொண்டிருந்து, 1990 ஜனவரியில் கொலம்பியாவில் திரும்பின. அந்த விதைகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காய் நஞ்சாக இருக்குமோ என்ற பயம் பத்திரிகைகளில் கிளம்பியது, நாசா அப்படியொன்றும் இல்லை என்று விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பிள்ளைகள் நட்டார்கள், அளந்தார்கள், எழுதி அனுப்பினார்கள். சாதாரணத் தக்காளி வந்தது.

ஆறு வருடம் கதிர்வீச்சுக்குள் கிடந்தும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? எங்களுக்கு உண்மையில் இடறிய இடம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் ஒரு விதை ஒரு நாளைக்கு வாங்கும் கதிர்வீச்சு ஒரு மில்லிகிரேயை விடக் குறைவு. ஆறு மாதம் இருந்தாலும் ஒரு கிரேயின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆய்வுகூடத்தில் நெல்லுக்குக் காமாக் கதிர் கொடுக்கும்போது கொடுப்பது நூற்றுக்கணக்கான கிரே. ஆயிரம் மடங்குக்கு மேல். உலர்ந்த விதை தூங்கும் உயிர், சின்ன அடி அதற்கு உறைக்காது. இப்படிப் பார்த்தால், இவ்வளவு செலவழித்து மேலே அனுப்புவது வீண்வேலை.

ஆனால் அளவு மட்டும் கதை இல்லை. அப்பலோவில் போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது இருட்டில் வெளிச்சப் பொட்டுகள் மின்னுவதைக் கண்டார்கள். அண்டக்கதிரிலுள்ள பாரமான துகள்கள், தூரத்தில் வெடித்த விண்மீன்களிலிருந்து புறப்பட்ட இரும்பு போன்ற அணுக்களின் கருக்கள், விண்கலத்தின் சுவரையும் மண்டையோட்டையும் துளைத்துக்கொண்டு போனதன் அடையாளம் அது. காமாக் கதிர் மழைத்தூறல் மாதிரி எல்லா இடமும் பரவலாக நனைக்கும். இந்தத் துகள் ஒரு துப்பாக்கிச் சன்னம். பட்ட விதை படும், படாத விதை தப்பும். 1972இல் அப்பலோ 16, 17 இரண்டிலும் ஜேர்மன் விஞ்ஞானிகள் "பயோஸ்டாக்" என்று ஒரு பெட்டி அனுப்பினார்கள். விதைகளையும் இறால் இனத்து முட்டைகளையும் துகளின் தடம் பதியும் தகடுகளுக்கு இடையில் அடுக்கியிருந்தார்கள். எந்தத் துகள் எந்த விதையைத் துளைத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். துளைபட்டவற்றில் சேதம் தெரிந்தது. அந்தச் சேதம் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுக்கக்கூடியது. கலம் அதை ஒட்டும்போது புதுவிதமான பிழைகள் விழலாம். எடையற்ற நிலை, வெப்பமும் குளிரும் மாறிமாறி வருவது எல்லாம் சேர்ந்து இன்னும் ஏதாவது செய்யலாம் என்ற வாதமும் உண்டு. ஆகவே விண்வெளி என்பது குறைவான, ஆனால் வேறு மாதிரியான சீட்டுகள் உள்ள லொத்தர்.

இந்த லொத்தரை விடாப்பிடியாக விளையாடிய நாடு சீனா. 1987 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஏவப்பட்டுத் திரும்பி வந்த ஒரு செய்மதியில் நெல், மிளகாய் போன்றவற்றின் விதைகளை ஒரு மூலையில் ஏற்றிவிட்டார்கள். அப்போது நோக்கம் விதைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான். நட்டபோது சில செடிகள் வித்தியாசமாக வந்தன. அதன் பிறகு திரும்பிவரும் செய்மதி போகும்போதெல்லாம் விதைப்பையும் சேர்ந்து போனது. 1994இல் ஜியாங்சி மாகாணத்தின் குவாங்சாங் மாவட்டத்திலிருந்து தாமரை விதைகள் போயின, அதிலிருந்து வந்த "விண்வெளித் தாமரை" இன்று அங்கே பெரிய வருமானப் பயிர். 2006 செப்டெம்பரில் விதைகளுக்கென்றே ஷிஜியான்-8 என்ற செய்மதியை அனுப்பினார்கள். 152 இனங்கள், 215 கிலோ, சுற்றுப்பாதையில் 15 நாள். உலகில் வேறெந்த நாடும் இதைச் செய்திருக்கவில்லை. 2020இன் கடைசியில் சாங்கே-5 நிலவுப் பயணத்தில் 40 கிராம் நெல் போய் 23 நாளில் திரும்பியது, அடுத்த ஜூலையில் குவாங்சோவில் அறுவடை செய்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் "நிலவு அரிசிச் சோறு எப்ப வரும்?" என்று பலர் கேட்டார்கள். முதல் அறுவடையில் சோறு வராது. அது விதைக்குரிய சந்ததி, அங்கிருந்துதான் வேலையே தொடங்குகிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். கதிர்பட்ட விதையை நட்டால் முதற் சந்ததியில் அநேகமாக ஒன்றும் தெரியாது. பெரும்பாலான விகாரங்கள் பின்னடைவானவை, மற்றப் பிரதி நல்லதாய் இருக்கும்வரை ஒளிந்திருக்கும். இரண்டாம் சந்ததியில்தான் குட்டை, நெட்டை, வெளிறியது, மலடு என்று பிரிந்து வெளியே வரும். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவில் ஒரு ஆள் வெயிலில் குனிந்து நடந்து, இது சும்மா நன்றாகப் பசளை பட்ட செடியா, அல்லது உண்மையில் மாறிய செடியா என்று பார்க்கவேண்டும். பிடித்ததைத் தனியாக அறுத்து, அடுத்த சந்ததியில் அந்தக் குணம் நிலைக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு வேறு மண், வேறு மழை, வேறு நோய். பெரும்பாலானவை இந்த வழியில் எங்கேயோ தோற்றுப்போகும்.

அந்தக் கோதுமையின் கதை இப்படித்தான். அதன் பெயர் லுயுவான் 502. விண்வெளிக்குப் போய்வந்த விதையிலிருந்து நேராக வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது வேறு. விண்வெளி விகாரத்தில் கிடைத்த ஒரு கோதுமை வழியை, ஜிமாய் 19 என்ற நன்கு அறியப்பட்ட இன்னொரு கோதுமையோடு கலப்புச் செய்து, அதன் பிள்ளைகளில் பல வருடம் தெரிந்தெடுத்து, 2011இல் தேசிய அனுமதி பெற்றார்கள். வழக்கமான இனத்தைவிட 11 சதவீதம் கூடிய விளைச்சல், வரட்சியையும் சில நோய்களையும் கூடுதலாகத் தாங்கும் என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் சொல்கிறது. சீனாவில் ஆகக் கூடுதலாக விதைக்கப்படும் கோதுமைகளில் இரண்டாவதாக அது வந்தது. இதில் விண்வெளியின் பங்கு எவ்வளவு, கலப்பின் பங்கு எவ்வளவு, தெரிந்தெடுத்தவர்களின் கண்ணின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் "விண்வெளிக் கோதுமை" என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் பாராட்டைக் கொடுத்துவிடுகிறது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். 1970இல் அமெரிக்காவின் சோளவயல்களில் ஒரு பூஞ்சணம் பரவியது. அந்நாட்டுக் கலப்புச் சோளத்தில் பெரும்பங்குக்கு ஒரே வகைக் கலவுரு இருந்தது, அதையே அந்தப் பூஞ்சணம் பிடித்துக்கொண்டது. ஒரே போகத்தில் நாட்டின் சோளத்தில் சுமார் 15 சதவீதம் போனது. உகண்டாவில் கண்டுபிடிக்கப்பட்டு 1999இல் பெயர் பெற்ற யூஜி99 என்ற துரு நோய், உலகின் பெரும்பாலான கோதுமைகளை வீழ்த்தக்கூடியதாக இருந்தது. கென்யாவின் எல்டொரெட் பல்கலைக்கழகம் கதிர்பட்ட கோதுமையிலிருந்து தெரிந்தெடுத்து, அதைத் தாங்கும் எல்டோ ங்கானோ 1 என்ற இனத்தை 2014இல் விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதற்கு ஒரு செய்மதியும் தேவைப்படவில்லை. பன்மை குறைந்த வயலுக்குப் புதுப் பன்மை வேண்டும், அது எங்கிருந்து வந்தாலும் சரி என்பதுதான் நிலைமை. வெப்பமும் உப்பும் வரட்சியும் கூடிக்கொண்டு வரும்போது, அடுத்த பிழை தானாக விழும்வரை 500 வருடம் காத்திருக்க ஏலாது.

இன்னொரு கேள்வியும் எங்கள் குழுவில் வந்தது: இது கதிர்வீச்சு உள்ள சாப்பாடா, மரபணு மாற்றப் பயிரா? காமாக் கதிரோ அண்டக்கதிரோ பட்ட விதையின் பேரப்பிள்ளைகளில் கதிர்வீச்சு ஒன்றும் தங்காது. வேறு உயிரின் பரம்பரையலகும் இதில் நுழைவதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் விகாரமூட்டிய உயிரிகளையும் சட்டப்படி மரபணு மாற்றியவையாகவே கணக்கெடுத்து, ஆனால் நீண்டகாலமாகப் பாதுகாப்பாய்ப் பாவனையில் உள்ள பழைய முறைகளுக்கு விலக்கு அளித்தது. குழப்பமான தீர்ப்பு. ஆனால் உலகெங்கும் 3,000க்கு மேற்பட்ட விகார இனங்கள் பதிவாகி, நாங்கள் அறியாமலே எங்கள் கோப்பைக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் நிலவரம்.

விண்வெளி உண்மையில் என்ன செய்கிறது என்று ஒழுங்காகக் கேட்கும் முயற்சி ஒன்று அண்மையில்தான் நடந்தது. 2022 நவம்பர் 7ஆம் திகதி அணுசக்தி முகவரகமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து விண்வெளி நிலையத்துக்கு இரண்டு வகை விதை அனுப்பின. ஒன்று கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சின்னச் செடி, மற்றது ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களில் சனம் நம்பியிருக்கும் இறுங்கு. ஒரு பங்கு நிலையத்துக்குள்ளே, ஒரு பங்கு வெளியே வெட்டவெளியில். அதே விதைகளில் இன்னொரு பங்குக்குத் தரையில் காமாவும் எக்ஸ் கதிரும் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் விதைகள் திரும்பி, ஒஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வுகூடத்துக்குப் போயின. மேலே போனதையும் கீழே நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்த ஒழுங்குதான், பழைய பயணங்கள் பலவற்றில் எங்களுக்குக் குறையாகத் தெரிந்தது. முகநூலில் ஓடுகிற பூசணிக்காய்க் காணொளியில் பக்கத்தில் ஒரு சாதாரணப் பூசணிக்கொடி இல்லை என்பதைக் கவனித்தீர்களோ?

ஆனால் வாசித்து முடிக்கும்போது எங்களை ஆகக் கூடுதலாகக் கவர்ந்தது விதை அனுப்பிய கதை இல்லை. பக்கத்துக் கதவால் வந்த வேறொன்று.

விண்வெளியில் மனிதர் நெடுநாள் இருப்பதென்றால் அங்கேயே சாப்பாடு விளையவேண்டும். 1980களில் நாசாவின் பணத்தில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பக்பீ போன்றவர்கள் கோதுமைக்கு இரவே இல்லாமல் வெளிச்சம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கோதுமை நீண்ட பகலை விரும்பும் பயிர். இரவை எடுத்துவிட்டதும் அவசர அவசரமாகக் கதிர் தள்ளியது. விண்கலத்துக்குள் அடங்கும் அபொஜீ என்ற குட்டைக் கோதுமையையும் உருவாக்கினார்கள். விஸ்கொன்சினில் இன்னொரு குழு, விண்வெளியில் செடிக்கு வெளிச்சம் கொடுக்க எல்.இ.டி. விளக்குகளைப் பாவிக்கலாம் என்று காட்டியது. 1996இல் ரஷ்யாவின் மிர் நிலையத்தில் குட்டைக் கோதுமை நட்டார்கள். அழகாக வளர்ந்து கதிர் வந்தது. பூமிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பதர், ஒரு மணி இல்லை. நிலையத்தின் அடைபட்ட காற்றில் சேர்ந்திருந்த எதிலீன் வாயு மகரந்தத்தைக் கெடுத்துவிட்டது. பழம் பழுக்க வைக்கும் அதே எதிலீன்தான். அதை விளங்கிக்கொண்ட பிறகு, அபொஜீயை மிர்ரில் நட்டு மணி எடுத்தார்கள்.

இந்த வெளிச்ச யோசனையை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் லீ ஹிக்கியின் குழு தரைக்குக் கொண்டுவந்தது. ஒரு நாளில் 22 மணித்தியாலம் வெளிச்சம், கட்டுப்படுத்திய வெப்பம். கண்ணாடி வீட்டில் வருடத்துக்கு இரண்டு மூன்று சந்ததி எடுத்த இடத்தில், கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் ஆறு சந்ததி வரை எடுக்கலாம் என்று 2018இல் எழுதினார்கள். கதிர் முற்றிய பின் மழை பட்டாலும் கதிரிலேயே முளைத்துக் கெட்டுப்போகாத டி.எஸ். ஃபரடே என்ற கோதுமை இந்த வழியில் 2017இல் வெளிவந்தது. மேலே நாங்கள் சொன்ன அந்தச் சந்ததி சந்ததியாகக் காத்திருக்கும் வேலை இருக்கிறதே, அதைத்தான் இது சுருக்குகிறது. விகாரம் உண்டாக்குவது 1927இலேயே சுலபமாகிவிட்டது. நேரம்தான் எப்போதும் தட்டுப்பாடு. அந்த நேரத்தை மிச்சம்பிடித்துத் தந்தது, விண்கலத்துக்குள் சாப்பாடு விளைவிக்க நினைத்த ஆராய்ச்சி.

சோறு சாப்பிடும் எங்களுக்கு இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. நெல் குறும்பகல் பயிர். பகலை நீட்டினால் பல இனங்கள் பூக்காமல் அப்படியே நின்றுவிடும். அண்மையில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாரணாசி மையம், ஒளியின் நிறத்தையும் நேரத்தையும் வேறுவிதமாக ஒழுங்குபடுத்தி, நெல்லிலும் வருடத்துக்கு ஐந்து சந்ததி வரை எடுக்க ஒரு வழி கண்டது. தேவைப்படுவது ஒரு அறை, எல்.இ.டி. விளக்குகள், மின்சாரம். செய்மதி வாங்க ஏலாத நாட்டுக்கு இது எட்டக்கூடிய விஷயம், மின்வெட்டு இல்லாவிட்டால்.

ஒன்றை மட்டும் இந்த முறைகள் எதுவும் தராது. கதிர், ஏற்கெனவே விதைக்குள் இருப்பதைத்தான் மாற்றும், பெரும்பாலும் ஒரு பரம்பரையலகை அணைத்துவிடும். வெளிச்சம், ஏற்கெனவே இருப்பதை வேகமாகப் பெருக்கும். உப்பு மண்ணிலோ வெள்ளத்திலோ பல நூறு வருடம் நின்று பழகிய ஒரு பழைய நெல் தொலைந்துபோனால், அதை ஒரு ரொக்கெட்டும் திருப்பித் தராது. கன்னொறுவயில் இருக்கும் விதை வங்கியில் அந்தப் பழைய இனங்கள் குளிருக்குள் கிடக்கின்றன. எச்-4க்குள் முருங்கைக்காயன் இல்லாவிட்டால் எம்.ஐ. 273உம் இல்லை.

இதை எழுதி முடிக்கும் கட்டத்தில், எங்களில் ஒருவரின் பெரியப்பா கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறவர், அவரிடம் எச்-4 பற்றிக் கேட்டுப் பார்த்தோம். "எச் ஃபோரோ? அப்பா காலத்தில விதைச்சது. நாலரை மாசம். சிவத்த அரிசி, பழஞ்சோத்துக்கு நல்லாயிருக்கும்" என்றார். எம்.ஐ. 273 என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நிலவுக்குப் போய்வந்த நெல், காமாக் கதிர், 22 மணித்தியால வெளிச்சம் எல்லாவற்றையும் எங்களால் இயன்ற மாதிரி விளங்கப்படுத்தினோம். குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி தம்பியவை," என்றார் கடைசியில், "அது எத்தினை மாசப் பயிர்? மார்கழி மழைக்குச் சாயுமோ?"